கிரீஸ் ட்ராப்: ‘கொழுப்புப் பொறி’ வேண்டாம், ‘வாருதொட்டி’ என்று வைப்போமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சமையலறைக் கழிவுநீரிலிருந்து கொழுப்பைப் பிரித்து நிறுத்தும் தொட்டிதான் கிரீஸ் ட்ராப். நம் அகராதியில் அதற்குத் தமிழ்ப்பெயர் ‘கொழுப்புப் பொறி’ என்று ஏறக்குறைய முடிவாகிவிட்ட நேரத்தில் குறுக்கே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஊட்டியில் கட்டடப் பராமரிப்பு வேலை பார்ப்பவன். இந்த மார்கழியில் நடந்ததைச் சொன்னால் என் மறுப்பு புரியும்.

இங்கே ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர். சரிவில் கட்டியது, சாலையிலிருந்து பார்த்தால் தரைத்தளம், பின்பக்கம் இரண்டு தளம் கீழே இறங்கும். மேலே பேக்கரி, சிப்ஸ் பொரிக்கும் இடம், இறைச்சி வெட்டும் இடம் எல்லாம் உண்டு. குழாயில் அடைப்பு எங்கே இருந்தாலும் தண்ணீர் பொங்குவது அதற்கு மேல்பக்கம் இருப்பதிலேயே தாழ்ந்த திறப்பு வழியாகத்தான், இங்கே அது இருப்பது கீழ்த்தளக் கிடங்கில். காலையில் திறந்தால் அரிசி மூட்டைக்கு அடியில் கழிப்பறைத் தண்ணீர். ஊழியர்கள் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றியிருக்கிறார்கள், கொழுப்பு இளகிக் கொஞ்ச தூரம் ஓடி, குளிர்ந்த குழாயில் மறுபடி உறைந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே கட்டியாகிவிடும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் வேறென்ன ஆகும்?

அடுத்து கிரீஸ் ட்ராப்பின் மூடியைத் தூக்கினோம். பொருத்திய நாளிலிருந்து யாரும் திறந்ததே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு அங்கே வேலை பார்க்கும் தம்பி சொன்னது: “ட்ராப் தானே அண்ணா, அதுவே பிடிச்சு வச்சுக்கும்னு நெனச்சோம்.”

அந்தத் தம்பி மேல் தவறில்லை. பிளம்பிங்கில் நானி ட்ராப், கல்லி ட்ராப் என்று நாம் புழங்குவதெல்லாம் வளைவில் தண்ணீரை நிறுத்தி நாற்றத்தைத் தடுப்பவை. அவற்றை வழக்கமாகக் காலி செய்யும் வேலை இல்லை. கிரீஸ் ட்ராப் அப்படியல்ல. கொழுப்பு மேலே மிதக்கும், பருக்கையும் மாவும் அடியில் படியும், நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் உள்ளே தாழ்ந்திருக்கும் குழாய் வழியாக வெளியேறும். மேல் ஏடும் அடிக்கசடும் சேர்ந்து தொட்டியின் ஆழத்தில் கால் பங்கை எட்டினால் வாரிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். ‘பொறி’ என்று பெயர் வைத்தால் எலிப்பொறி நினைவுதான் வரும், அல்லது தானாக ஓடும் எந்திரம் என்று தோன்றும். அதே தவறைத் தமிழிலும் செய்கிறோம்.

அதனால் என் முன்மொழிவு: கொழுப்பு வாருதொட்டி. தூர்வாருதல் எல்லோருக்கும் தெரிந்த சொல். வாருகோல் என்று துடைப்பத்துக்கு ஏற்கெனவே இதே அச்சில் ஒரு சொல் இருக்கிறது. ஊறுகாய் போல வினைத்தொகை, முக்காலமும் அடங்கும்: வாரிய தொட்டி, வாருகிற தொட்டி, இனிமேலும் வார வேண்டிய தொட்டி. நீளம் என்றால் வேலையிடத்தில் ‘வாருதொட்டி’ என்றே சுருங்கிவிடும்.

இதற்கே ‘ஏட்டுத்தொட்டி’ என்று கோவையிலிருந்து ஐயா ஒருவர் எழுதியது அழகான சொல். பாலேடு நினைவுக்கு வருகிறது. ஆனால் கணக்கேடும் கூடவே வந்துவிடுகிறது, தொட்டியோடு இருக்கும் வேலையும் அதில் தெரியவில்லை.

‘வாருதல்’ என்றால் கையால் அள்ளுவதை நினைவூட்டாதா என்று கேட்பீர்கள், நானும் இதை யோசித்துத் தூங்காமல் இருந்தேன். இந்தத் தொட்டியில் சமையலறைத் தண்ணீர் மட்டுமே வர வேண்டும், கழிப்பறைக் குழாய் அதற்கப்பால்தான் சேர வேண்டும். மேலே நின்று நீளக் கைப்பிடி அகப்பையாலோ உறிஞ்சு லாரியாலோ எடுப்பது, உள்ளே ஆள் இறங்குவது கிடையவே கிடையாது. பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம். நம் அகராதியில் விளக்கம் எழுதும்போது, உள்ளே ஆள் இறங்கக் கூடாது என்ற வரியையும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம், குழாயில் இறுகிய அந்தக் கட்டிக்கு (ஆங்கிலத்தில் ‘ஃபேட்பெர்க்’) ‘கொழுப்புப் பாறை’ என்ற பெயர் சரியாகவே இருக்கிறது. கொழுப்பமிலமும் கால்சியமும் சேர்ந்து சோப்பு மாதிரி இறுகுவது அது, லண்டன் வைட்சாப்பலில் 2017ல் கண்டுபிடித்தது 250 மீட்டர் நீளம், 130 டன். நாங்கள் உடைத்தது இரண்டு வாளிதான், ஆனால் கம்பியால் குத்தினால் கல் போலச் சத்தம் வந்தது.

கடைக்காரர் தொட்டிக்கு மேல் பலகை வைக்கச் சம்மதித்துவிட்டார். ‘கொழுப்பு வாருதொட்டி. கடைசியாக வாரிய நாள்:’ என்று எழுதி, தேதிக்கு இடம் விடச் சொல்லியிருக்கிறேன். பெயின்டர் வெள்ளிக்கிழமை வருகிறார், மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.