நெக்ஸ்ட்கிளவுடை வேறு விபிஎஸ்ஸுக்கு மாற்றிய பிறகு பழைய படம் ஒன்றுகூடத் திறக்கவில்லை, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். வீட்டு உபயோகத்துக்கு ஒரு விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்) நெக்ஸ்ட்கிளவுட் (ஃபைல்களைச் சொந்த சர்வரில் சேமிக்கும் மென்பொருள்) வைத்திருந்தேன், சர்வர் பக்க என்கிரிப்ஷனும் (ஃபைல்களை சர்வரிலேயே பூட்டி வைப்பது) போட்டிருந்தேன். வாடகை குறைவு என்று போன வாரம் வேறு இடத்துக்கு மாறினேன். புது சர்வரில் புதிதாக நிறுவி, பழைய டேட்டாபேஸின் டம்பை (முழு நகலை) ஏற்றி, டேட்டா ஃபோல்டரில் என் பெயரிலும் மனைவி பெயரிலும் இருந்த இரண்டு ஃபோல்டர்களை மட்டும் ஆர்சிங்க் கட்டளையால் காப்பி செய்தேன். பெயர், அளவு, தேதி எல்லாம் சரியாகத் தெரிந்ததால் பழைய சர்வரை மூன்று நாள் முன்பு ரத்து செய்துவிட்டேன். நேற்று ஒரு படத்தைத் தொட்டால் திறக்கவில்லை, அடுத்ததும் இல்லை. 140 ஜிபி, பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எடுத்தவை, வேறு பேக்கப் கிடையாது. மாறிய பிறகு ஏற்றிய படங்கள் மட்டும் திறக்கின்றன.

பதில்:
எதையும் அழிக்காதீர்கள், என்கிரிப்ஷனை ஆஃப் செய்யவும் வேண்டாம். இதைப் படிப்பதற்கு முன்பே பழைய ஹோஸ்டிங்காரர்களுக்கு டிக்கெட் போடுங்கள், டிஸ்க்கோ அதன் ஸ்னாப்ஷாட்டோ (அப்படியே எடுத்து வைத்த நகல்) இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மாஸ்டர் கீ முறை (எல்லாச் சாவிகளையும் திறக்க ஒரே தலைமைச் சாவி) என்று வைத்துச் சொல்கிறேன். நெக்ஸ்ட்கிளவுட் உள்ளடக்கத்தை மட்டும்தான் பூட்டும், பெயரைத் தொடாது, அதனால்தான் பட்டியல் ஒழுங்காகத் தெரிந்தது. ஒவ்வொரு ஃபைலுக்கும் தனிச் சாவி, அது உங்கள் ஃபோல்டருக்குள்ளேயே இருப்பதால் வந்திருக்கும். அந்தச் சாவிகளைத் திறக்கிற மாஸ்டர் கீ, டேட்டா ஃபோல்டரின் மேல்மட்டத்தில் ஃபைல்ஸ்_என்கிரிப்ஷன் என்ற ஃபோல்டரில் இருக்கும், அதைத்தான் விட்டுவிட்டீர்கள். அந்த மாஸ்டர் கீயும் கான்ஃபிக்.பிஎச்பி என்ற அமைப்பு ஃபைலில் உள்ள சீக்ரெட், இன்ஸ்டன்ஸ்ஐடி என்ற இரண்டு மதிப்புகளையும் வைத்துப் பூட்டியது, புதிதாக நிறுவியதால் அவையும் மாறிவிட்டன. மாஸ்டர் கீ இல்லையென்றால் நெக்ஸ்ட்கிளவுட் தானாகவே புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும், புதுப் படங்கள் திறப்பது அதனால்தான். பழைய கீ இல்லாமல் வழி இல்லை. இந்தப் பூட்டு முறையான ஏஇஎஸ்-256ஐ உடைத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொரு பதில்:
லேப்டாப்பில் நெக்ஸ்ட்கிளவுட் சிங்க் கிளையன்ட் (சர்வரில் உள்ளதை லேப்டாப்பிலும் வைக்கும் செயலி) இருந்ததா? இருந்தால் அதில் உள்ளவை பூட்டில்லாத ஃபைல்கள். உடனே நெட்டைத் துண்டித்து அந்த ஃபோல்டரை வேறு டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். விர்ச்சுவல் ஃபைல் வசதி போட்டிருந்தால் வெறும் பெயர்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
மனைவி லேப்டாப்பில் 30 ஜிபி வரை முழுதாக இருக்கிறது, காப்பி செய்துவிட்டேன். இப்போதுதான் மூச்சு வந்தது. அப்புறம் ஹோஸ்டிங்காரர்கள் பழைய டிஸ்க்கை ஒரு வாரம் வைத்திருப்பார்களாம், ஏற்றித் தருகிறோம் என்கிறார்கள்.

முதல் பதில் எழுதியவர்:
அருமை! டிஸ்க் வந்ததும் டேட்டா ஃபோல்டரை முழுசாகவும் கான்ஃபிக்.பிஎச்பியையும் எடுங்கள். பழைய கீயை இப்போதைய சர்வரில் வைப்பதற்கு முன் புதுப் படங்களைத் தனியாக டவுன்லோட் செய்துவிடுங்கள், இல்லையென்றால் அவை திறக்காமல் போகும். பிறகும் சிலது பேட் சிக்னேச்சர் என்று அடம்பிடித்தால் ஓசிசியில் (நெக்ஸ்ட்கிளவுடின் கட்டளைக் கருவி) என்கிரிப்ஷன்:ஃபிக்ஸ்-என்கிரிப்டட்-வெர்ஷன் என்ற கட்டளையை ஓட்டுங்கள். டேட்டாபேஸில் உள்ள வெர்ஷன் எண்ணும் ஃபைலும் பொருந்தாதபோது அந்தப் பிழை வரும், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே டம்ப் எடுத்திருந்தால் இது நடக்கும்.

கேட்டவர்:
ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் எடுத்தேன். நேற்று ராத்திரி எல்லாவற்றையும் மாற்றினேன், படங்கள் திறக்கின்றன! 41 ஃபைல் சிக்னேச்சர் பிழையில் நின்றன, நீங்கள் சொன்ன கட்டளையில் 38 சரியாகிவிட்டன. மிச்சம் மூன்றில் இரண்டு லேப்டாப்பில் இருந்தன. ஒரு வீடியோ மட்டும் போய்விட்டது. உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.