ஏஐ சொல்லும் பதிலை எந்த அளவுக்கு நம்பலாம்? வீட்டிலேயே சரிபார்க்க என்ன வழி?

கேள்வி

வணக்கம். வீட்டில் எல்லோரும் எதற்கெடுத்தாலும் சாட்ஜிபிடி, ஜெமினி என்று கேட்கிறார்கள். ரத்தப் பரிசோதனை அறிக்கைக்கு விளக்கம், வாடகை ஒப்பந்தத்தின் சுருக்கம், மாதச் செலவுக் கணக்கு எல்லாம் அதில்தான். சரியான பதிலும் தவறான பதிலும் ஒரே தொனியில், அடித்துச் சொல்வதுபோல் வருகின்றன. "உறுதியாகத் தெரியுமா?" என்று கேட்டால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு பதில் தருகிறது. எதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எதைச் சரிபார்க்க வேண்டும்? "பயன்படுத்தவே வேண்டாம்" என்ற பதில் வேண்டாம், வீட்டில் எடுபடாது.

பதில் 1

"உறுதியா?" என்று கேட்பதை முதலில் விட்டுவிடுங்கள். அந்தக் கேள்வி வந்ததுமே, நீங்கள் சந்தேகப்படுகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு அது உங்களுக்கு இணங்கிப் போகும். பயனருக்குப் பிடித்த பதில் தரும்படி பயிற்சி பெற்றதன் விளைவு இது. சரியாகச் சொன்னதைக்கூட மாற்றிவிடும்.

அதற்குப் பதிலாக, புதிதாக இரண்டு உரையாடல்கள் திறங்கள். ஒன்றில் "இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது ஏன் நல்லது?" என்றும், மற்றதில் "ஏன் ஆபத்து?" என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் தலையாட்டி, பொதுப்படையான காரணங்களையே அடுக்கினால் அந்தப் பதிலை வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டிலும் ஒரே ஷரத்தைச் சுட்டிக்காட்டினால், அந்த ஷரத்தை நீங்களே படித்துப் பாருங்கள்.

கடிதம் எழுதித் தரச் சொல்வது, நீங்கள் எழுதிய நீளமான மின்னஞ்சலைச் சுருக்கச் சொல்வது போன்றவற்றுக்குத் தயங்க வேண்டாம். படித்ததுமே தவறு கண்ணில் பட்டுவிடும்.

பதில் 2

ஒப்பந்தம், காப்பீட்டுப் பத்திரம் போன்றவற்றுக்கு "சுருக்கிச் சொல்" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஒவ்வொரு கருத்துக்கும் ஆதாரமான வாக்கியத்தை மூலத்தில் உள்ளபடியே, பக்க எண்ணோடு கொடு" என்று கேளுங்கள். அந்த வாக்கியத்தில் நாலைந்து சொற்களை எடுத்து பிடிஎஃப்பில் தேடுங்கள். அது கிடைக்காவிட்டால் அந்தக் கருத்தை அடித்துவிடுங்கள். நீளமான ஆவணத்தில் நடுப்பக்கங்களில் உள்ளவைதான் அதிகம் விடுபடும். அதனால் பத்துப் பத்துப் பக்கமாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது.

தமிழ் ஆவணமென்றால் இன்னொரு சிக்கல் உண்டு. பழைய பிடிஎஃப்கள் பல, இன்று எல்லாக் கணினிகளும் புரிந்துகொள்ளும் யூனிகோட் எழுத்துமுறையில் இல்லை. பாமினி போன்ற எழுத்துருவில் இருக்கும். திரையில் தமிழாகத் தெரியும், நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். ஏஐக்கும் அந்தக் குப்பை போய்ச் சேரலாம். அதை வைத்தே கற்பனையாக ஒரு சுருக்கமும் எழுதிவிடும். முதலில் ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். தமிழாக வரவில்லையென்றால் பக்கங்களைப் படமாக அனுப்புங்கள்.

பதில் 3

மேலே யாரும் எண்களைத் தொடவில்லை. பெரிய தவறுகள் அங்கேதான் நடக்கின்றன.

ரத்த அறிக்கையைப் படமெடுத்து அனுப்பினால், விளக்கம் கேட்பதற்கு முன் "படத்தில் உள்ள எல்லா எண்களையும் அலகோடு அட்டவணையாகத் திருப்பிக் கொடு" என்று கேளுங்கள். 0.5 என்பது 5 ஆகியிருக்கிறதா என்று தாளோடு ஒப்பிடுங்கள். அலகு மிக முக்கியம். சர்க்கரை அளவு சில இடங்களில் மி.கி./டெ.லி. அலகிலும், சில இடங்களில் மில்லிமோல்/லிட்டர் அலகிலும் வரும். முதல் அலகில் 126 என்பது இரண்டாவதில் 7.0. அலகே இல்லாமல் "சர்க்கரை 7" என்று கேட்டால், அதை மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 7 சதவீதம் என்று நினைத்துக்கொண்டு வேறொரு விளக்கம் தரக்கூடும். அறிக்கையில் அச்சிட்டிருக்கும் இயல்பு வரம்பையும் சேர்த்துக் கொடுங்கள், அது ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும்.

மருந்தை வணிகப் பெயரில் கேட்காதீர்கள். ஒரே பெயரில் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு மருந்து விற்கிறது. அட்டையின் பின்புறம் இருக்கும் மூலப்பொருளையும் மில்லிகிராமையும் கொடுங்கள். பாராசிட்டமால் பல சளி மருந்துகளிலும் கலந்திருக்கிறது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கே 24 மணி நேரத்தில் உச்சவரம்பு 4 கிராம்தான். பாராசிட்டமால் மாத்திரையையும் சளி மருந்தையும் சேர்த்துக் கூட்டினால் அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடலாம். எந்த மருந்தையும் எவ்வளவு எடுப்பது என்பதை மருந்தாளுநரிடமோ மருத்துவரிடமோ கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செலவுக் கணக்கில், எந்தச் செலவு எந்த வகை என்று பிரிக்கும் வேலையை மட்டும் அதற்குக் கொடுங்கள், கூட்டலை எக்செல் போன்ற விரிதாளில் போடுங்கள். ஏஐ சில வரிகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். கொடுத்த வரிகளின் எண்ணிக்கையும் திரும்பி வந்த எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். மொத்தத் தொகையும் வங்கிக் கணக்கோடு பொருந்த வேண்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி. இணையத்தில் தேடி இணைப்போடு தரும் பதில்களை நம்பலாமா?

பதில் 1

இணைப்பு இருப்பதால் மட்டும் நம்ப முடியாது. பக்கம் உண்மையாக இருக்கும், ஆனால் ஏஐ சொன்ன செய்தி அதில் இல்லாமல் போகலாம். திறந்து, அந்த எண்ணையோ பெயரையோ பக்கத்தில் தேடுங்கள். இணைப்பில்லாமல் சொல்லும் மேற்கோள்களில் இன்னும் கவனம் தேவை. 2023ல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி புனைந்த வழக்குகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அவை உண்மையா என்று அவர்களில் ஒருவர் சாட்ஜிபிடியிடமே கேட்டார், அதுவும் உண்மை என்றது.

ஒரு நிறுவனத்தின் விதிமுறை பற்றி அதன் சாட்பாட் சொன்னாலும், விதிமுறைப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, உரையாடலைத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள். 2024ல் கனடாவில், ஏர் கனடாவின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்னதற்கு நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பாயம் முடிவு செய்தது. அந்த வழக்கில் பயணி சமர்ப்பித்த ஆதாரங்களில் திரைப்பிடிப்பும் ஒன்று.