வேளாண் துறையில் மாணவர் தூதர் பணி: அமெரிக்காவுக்குப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு

வந்து ஒரு மாதமே ஆன தங்கை ஒருவர் கேட்டிருந்தார்: "மாணவர் தூதராக, அதாவது துறையைப் பார்க்க வருபவர்களுக்குச் சுற்றிக்காட்டும் மாணவராக, விண்ணப்பிக்கச் சொல்லி எங்கள் வேளாண் துறையிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. என் உச்சரிப்பை வைத்துக்கொண்டு இதற்குப் போகலாமா? விசாவுக்கு ஏதாவது சிக்கல் வருமா?"

போகலாம், அவசியம் போங்கள். மத்திய மேற்கு மாநிலம் ஒன்றின் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் முதுகலை படித்தபோது இரண்டு ஆண்டுகள் இந்தப் பணியில் இருந்தேன். இந்த நாட்டை எனக்குப் பழக்கிக்கொடுத்தது வகுப்பறையோ ஆய்வகமோ அல்ல, இந்தப் பணிதான். ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை பார்க்கலாம். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக 20 என்று இல்லை, எல்லாம் சேர்த்துத்தான் 20. ஏற்கெனவே ஆராய்ச்சி உதவியாளராக 20 மணி நேரத்துக்கு ஒப்பந்தம் இருந்தால், சம்பளம் தரும் தூதர் பணிக்கு ஒரு மணி நேரம்கூட மிச்சமில்லை. என்னோடு படித்த ஒருவர் "வாரம் மூன்று மணி நேரம்தானே" என்று கையெழுத்துப் போடப் போனார். சர்வதேச மாணவர் அலுவலகத்து அம்மையார் கடைசி நேரத்தில் தடுத்திருக்காவிட்டால், அந்த மூன்று மணி நேரத்துக்காக அவருடைய விசா நிலையே ஆட்டம் கண்டிருக்கும்.

சில துறைகள் சம்பளம் தருவதில்லை. ஒரு சட்டையும் பின்னாளில் ஒரு பரிந்துரைக் கடிதமும்தான் கிடைக்கும். அப்போதும் கேட்டுவிட்டே சேருங்கள், ஏனென்றால் மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையை நாம் இலவசமாகச் செய்தால் அது தானாகத் தன்னார்வப் பணி ஆகிவிடாது. மாநிலக் கண்காட்சிக்கோ வெளியூர்ப் பள்ளிக்கோ அனுப்புவார்களா என்பதையும் கேளுங்கள். சம்பள நேரத்தில் வளாகத்துக்கு வெளியே வேலை என்றால் அது வேறு கணக்கு. இதுதான் உங்கள் முதல் வேலை என்றால், துறையின் கடிதத்தையும் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, சம்பளத்தைப் பதிவுசெய்ய அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். வேலை தொடங்கி மூன்று வேலை நாட்களுக்குள், வேலை பார்க்கும் தகுதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்துக்கான ஆவணங்களையும் காட்டியாக வேண்டும்.

இனி பணியைப் பற்றி. பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் வருவார்கள். அவர்களுக்குத் துறையைச் சுற்றிக்காட்ட வேண்டும், கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். நீலநிறக் கார்டுராய் மேலங்கி அணிந்த பிள்ளைகளைப் பார்த்தால் அவர்கள் வேளாண்மை பயிலும் பள்ளி மாணவர்களுக்கான எஃப்.எஃப்.ஏ. அமைப்பினர் என்று தெரிந்துகொள்ளுங்கள். 1928-இல் தொடங்கிய அமைப்பு அது, அந்த மேலங்கி அவர்களுக்குப் பெரிய பெருமை. பச்சை நிற நான்கிலைச் சின்னம் 4-எச் என்ற சிறுவர், இளைஞர் அமைப்பினுடையது. இவர்களில் பலர் பத்து வயதிலேயே ஒரு கன்றையோ பன்றியையோ தங்கள் கையால் வளர்த்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோனவர்கள். அவர்களிடம் போய் மாடு என்ன தின்னும் என்று விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். "நீ என்ன வளர்த்தாய்?" என்று கேளுங்கள், அடுத்த பத்து நிமிடம் அவர்களே பேசுவார்கள். உச்சரிப்பைப் பற்றிய உங்கள் பயத்துக்கும் இதுவே மருந்து. நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள், பேசுவதைவிட அதிகமாகக் கேளுங்கள். என் பேச்சு புரியவில்லை என்று இரண்டு ஆண்டுகளில் முகம் சுளித்தவர் ஒருவர்கூட இல்லை.

என்னை உண்மையில் இடறவைத்தது அளவைகள்தான். முதல் மாதத்தில் விவசாயி ஒருவர் மகளோடு வந்திருந்தார். "இந்த வயலில் மக்காச்சோளம் என்ன விளைகிறது?" என்று கேட்டார். ஹெக்டேருக்கு இத்தனை டன் என்று சரியாகத்தான் சொன்னேன். தலையை ஆட்டினார், அதோடு பேச்சு நின்றுவிட்டது. சுற்று முடியும் வரை அவர் வேறெதுவும் கேட்கவில்லை. இங்குள்ள விவசாயிகள் விளைச்சலைப் புஷல் என்ற தானிய அளவையில்தான் சொல்வார்கள். அன்று இரவே மனப்பாடம் செய்தேன்: மக்காச்சோளம் ஒரு புஷல் 56 பவுண்டு, சோயாவும் கோதுமையும் 60 பவுண்டு. ஹெக்டேருக்கு 10 டன் மக்காச்சோளம் என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 160 புஷல். வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் சொல்லவும் பழகிக்கொள்ளுங்கள். எதிரில் நிற்பவர் எந்த அளவையில் தன் வயலை நினைக்கிறாரோ அதில் பேசுவதுதான் மரியாதை.

பல வேளாண் கல்லூரிகளில் விலாவில் துளையிட்டு ரப்பர் மூடி பொருத்திய பசு ஒன்று இருக்கும். செரிமான ஆய்வுக்காக அறுவைச் சிகிச்சை செய்து பொருத்துவார்கள். எங்கள் பசு நின்றபடியே அசைபோட்டுக்கொண்டிருக்க, நகரத்திலிருந்து வந்த ஒரு பையன் தோள்வரை நீண்ட பிளாஸ்டிக் கையுறை மாட்டி, முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, கையை உள்ளே விட்டான். முதலில் மூச்சைப் பிடித்தான். பிறகு மெல்ல, "சூடாக இருக்கிறது... ஏதோ என் கையைப் பிழிகிறது" என்றான். 39 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முதல் இரைப்பை சுருங்கி விரிந்து தீவனத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது. கைப்பிடித் தீவனத்தை வெளியே எடுத்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இதில் கோடிக்கணக்கில் இருக்கின்றன, புல்லைப் பாலாக்கும் வேலையில் பாதி அவற்றுடையது என்று நான் சொன்னபோது, முகத்தை அருகே கொண்டுவந்து பார்த்தான். வாந்தி வரும் என்று பயந்த அவன் அம்மாவும் ஒரு கையுறை கேட்டு வாங்கினார். அந்த ஐந்து நிமிடம் செய்யும் வேலையை எந்தத் துண்டறிக்கையாலும் செய்ய முடியாது.

உங்கள் வளாகத்தின் கதையையும் தேடிப் படித்துவையுங்கள். இங்குள்ள வேளாண் கல்லூரிகளில் பல 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட மாரில் சட்டத்தால் பிறந்தவை. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் மாநிலங்களுக்குக் கூட்டரசு நிலம் கிடைத்தது, அதை விற்ற பணத்தில் கல்லூரிகள் எழுந்தன. அந்த நிலம் பூர்வகுடி மக்களிடமிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1876 முதல் பயிர் ஆய்வு நடக்கும் மாரோ வயல் இருக்கிறது. அதன்மேல் நிழல் விழக்கூடாது என்பதற்காக அருகிலிருந்த நூலகத்தையே நிலத்துக்கு அடியில் கட்டினார்கள். மிசௌரியின் சான்பார்ன் வயலிலிருந்து எடுத்த மண்ணில்தான் ஆரியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைத் தரும் உயிரி கிடைத்தது. மண் படித்தவன் என்பதால் எனக்கு இவற்றைச் சொல்லச் சொல்ல அலுப்பதில்லை. உங்கள் வளாகத்திலும் இப்படி ஒன்று நிச்சயம் இருக்கும், மூத்த பேராசிரியர் எவரிடமாவது கேளுங்கள்.

பின்னர் வந்த மூன்று கேள்விகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்பியதும் பண்ணைச் சுற்றுக்குப் போகலாமா என்று ஒரு தம்பி கேட்டார். அங்கே மாட்டுக் கொட்டகைப் பக்கம் போயிருந்தால் உடனே போகாதீர்கள். கோமாரி நோய் அமெரிக்காவில் 1929-க்குப் பிறகு வந்ததில்லை, அதை அப்படியே காப்பதில் மிகக் கண்டிப்பாக இருக்கிறார்கள். விமான நிலையத்தில் இறங்கும்போதே பண்ணைக்குப் போனதை மறைக்காமல் சொல்லுங்கள். காலணியைக் கழுவி வையுங்கள். எத்தனை நாள் கால்நடைகளை நெருங்கக்கூடாது என்று பண்ணைப் பொறுப்பாளரிடம் கேட்டு, அவர் சொன்ன நாள்வரை பொறுங்கள்.

பெற்றோர் இடக்காகக் கேட்டால் என்ன செய்வது? இடம் கிடைக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். இன்னொரு மாணவரின் மதிப்பெண்ணைப் பற்றி வாயே திறக்காதீர்கள், மாணவர் பதிவுகளைக் காக்க 1974 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. பூச்சிக்கொல்லி, மரபணு மாற்றுப் பயிர் என்று வாதம் கிளம்பினால் துறையின் சார்பில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். "எனக்குத் தெரியவில்லை, கேட்டு எழுதுகிறேன்" என்று சொல்லி முகவரி வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கே எழுதியும் விடுங்கள்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று தங்கை மறுபடியும் எழுதியிருந்தார். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏன் வேளாண்மை?" அதற்கு உங்கள் சொந்தப் பதிலை மூன்று வாக்கியத்தில், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்கிறீர்கள். நாளைக் காலை சர்வதேச மாணவர் அலுவலகம் திறந்ததும் பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தந்த ஐ-20 படிவத்தையும், ஆராய்ச்சி உதவியாளர் ஒப்பந்தம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் சரி என்றால் அங்கிருந்தபடியே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.