மேப் ஆப்பை நம்பி அம்மாவை அழைத்துக்கொண்டு மலையேறலாமா?

கண்மாய்க்கரை (கேள்வி)

வணக்கம். போன மாதம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் ஏன் கேட்கிறேன் என்று புரியும்.

எங்கள் குலதெய்வம் கோயில் சிவகங்கைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. அப்பா இருந்தவரை அவர்தான் வண்டி ஓட்டுவார், வழி அவருக்கு மனப்பாடம். அவர் காலமான பிறகு இந்த முறைதான் நானே ஓட்டிக்கொண்டு போனேன், பின்சீட்டில் அம்மாவும் பிள்ளைகள் இரண்டு பேரும். மதுரையில் கிளம்பவே சாயங்காலம் ஆகிவிட்டது. மேப்பில் கோயில் பெயரைப் போட்டதும் வந்தது, சரி என்று அதன்படியே போனேன். பெரிய ரோடு முடியும்வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு கிளைச்சாலை, அதிலிருந்து செம்மண் பாதை, அது அப்படியே கண்மாய்க் கரைமேல் ஏறிவிட்டது. ஒரு பக்கம் சீமைக்கருவேல முள் கதவைக் கீறிக்கொண்டே வருகிறது, இன்னொரு பக்கம் தண்ணீர், டயருக்கு வெளியே ஒரு முழம் மண்தான் இருக்கிறது. போனில் இன்னும் 300 மீட்டர் என்று காட்டுகிறது. கோயில் விளக்குகூடக் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பாதை கலுங்கில், அதாவது கண்மாயின் உபரித் தண்ணீர் வெளியேறும் கல்கட்டில், போய் முடிந்துவிட்டது, திருப்ப இடமில்லை. பக்கத்தில் ஆட்டுக்கிடை போட்டிருந்த ஒரு பெரியவர் டார்ச்சை எடுத்து வந்து, வண்டிக்குப் பின்னால் நடந்துகொண்டே "வலது ஒடிம்மா, இப்ப நேராக்கு" என்று சொல்லிச் சொல்லி முக்கால் மணி நேரம் ரிவர்ஸிலேயே வெளியே கொண்டுவந்தார். அம்மா நெஞ்சில் கை வைத்தபடி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் மனதை அறுக்கிறது.

அடுத்த மாதம் ஊட்டி போய்விட்டு மசினகுடியில் ஒரு நாள் தங்குவதாகத் திட்டம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு ஆப் ஒரு குறுக்கு வழி காட்டுகிறது, கூடலூர் சுற்றிப் போவதில் ஏறக்குறைய பாதித் தூரம்தான். நம்பலாமா? இந்த ஆப்பில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிலஅளவை (பதில்)

படிக்கவே பதற்றமாக இருந்தது, எல்லோரும் பத்திரமாகத் திரும்பியதே பெரிது. நான் வரைபடத் தரவு வேலையில் இருப்பவன், உங்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு சொல்ல முடியும்.

நீங்கள் இருக்கும் இடத்தைப் போன் தப்பாகச் சொல்லவில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன, குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால் போன் தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். திறந்த வானத்தின் கீழ் சாதாரண போனுக்கே ஐந்து மீட்டர் அளவுக்குள் துல்லியம் வரும். கண்மாய்க் கரையில் மேலே மறைப்பு எதுவும் இல்லை, ஆகவே அந்த நீலப் புள்ளி சரியாகத்தான் இருந்திருக்கும். தவறு வேறு இரண்டு இடத்தில்.

ஒன்று, மேப்பில் கோயிலுக்கு என்று குத்தி வைத்த "பின்", அதாவது இடக்குறி. அதை யாரோ கோயிலின் பின்புறம் வைத்திருப்பார்கள். ஆப் அந்தப் பின்னுக்கு மிகவும் பக்கத்தில் எந்தப் பாதைக் கோடு ஓடுகிறதோ அங்கே உங்களைக் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கும். நடுவில் சுவர் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று பெரும்பாலும் அதற்குத் தெரியாது. ஊர்த்தெரு 80 மீட்டர் தள்ளியும் கரைப்பாதை 50 மீட்டரிலும் இருந்தால் கரைப்பாதைதான் அதற்கு "வழி". இரண்டாவது, அந்தக் கோடு. வானிலிருந்து எடுத்த படத்தில் கரைமேல் வெளுத்த தடம் தெரிந்தால் அது ரோடாகப் பதிவாகிவிட வாய்ப்பு உண்டு. மாட்டுவண்டித் தடமா, கார் போகுமா என்பது அங்கே நடந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

நெரிசல் நிறமும் இதே மாதிரிதான். ரோட்டில் நகரும் போன்களின் வேகத்தை வைத்தே சிவப்பும் பச்சையும் வருகின்றன. 2020-இல் பெர்லினில் சைமன் வெக்கெர்ட் என்ற கலைஞர் 99 போன்களை ஒரு சின்ன இழுவண்டியில் போட்டுக் காலி ரோட்டில் மெதுவாக இழுத்துப்போனார், மேப்பில் அந்த ரோடு சிவப்பானது. அதையே திருப்பி யோசியுங்கள்: போனே போகாத கிராமப் பாதையில் அதற்கு அனுபவமே கிடையாது, ரோட்டின் வகையை வைத்து ஒரு வேகத்தை அதுவாக எடுத்துக்கொள்கிறது. பெரிய ரோட்டில் அது சொல்லும் நேரத்தை நான் அப்படியே நம்புவேன். கடைசி மூன்று கிலோமீட்டரில் நம்ப மாட்டேன்.

முப்பத்தாறு_வளைவு (பதில்)

தங்கச்சி, நான் கோவையில் இருபது வருடமாக டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிறேன். அந்தக் குறுக்கு வழி கல்லட்டி. தயவுசெய்து அதில் இறங்க வேண்டாம். 36 கொண்டை ஊசி வளைவு, இறக்கம் ரொம்பச் செங்குத்து. சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் வழி முழுக்கப் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வருவார்கள், பாதி வளைவு தாண்டுவதற்குள் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். 2018-இல் சென்னையிலிருந்து வந்த கார் ஒன்று பள்ளத்தில் விழுந்து பலர் இறந்தார்கள், அதன் பிறகு வெளியூர் வண்டிகளை அங்கே இறங்க விடுவதில்லை. ஆப் கிலோமீட்டரையும் நிமிடத்தையும் பார்க்கிறது, உங்கள் பிரேக்கை அது பார்க்காது.

பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூர் இறங்கி, அங்கிருந்து தொரப்பள்ளி, தெப்பக்காடு போய் மசினகுடி போங்கள். தூரம் கூடத்தான், ஆனால் நல்ல ரோடு, கடை இருக்கிறது, ஆள் நடமாட்டம் இருக்கிறது. இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வாருங்கள். கூடலூர் ஊருக்குள்ளும் குறுக்குத் தெரு காட்டினால் உள்ளே நுழைய வேண்டாம், 2024 ஜனவரியில் ஒரு கார் குடியிருப்புப் படிக்கட்டில் இறங்கி நின்றது அங்கேதான். அப்புறம், ஊட்டிக்கு இ-பாஸ் வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இருக்கிறது, வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். மைசூர் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் பந்திப்பூர் ரோட்டை இரவு 9 முதல் காலை 6 வரை மூடிவிடுவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். இதை எல்லாம் ஆப் சொல்லும் என்று காத்திருக்கக் கூடாது. இருட்டும் முன்னால் போய்ச் சேருவது மாதிரி கிளம்புங்கள், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பார்சல்_தம்பி (பதில்)

அக்கா, நான் சென்னையில் கூரியர் டெலிவரி பார்க்கிறேன், ஒரு நாளைக்கு எழுபது எண்பது வீடு. மேப் இல்லாவிட்டால் எனக்குப் பிழைப்பே இல்லை, அதனால் ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். பழகப் பழக அதன் குணம் தெரிந்துவிடும். மேம்பாலத்தின் மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்பதில்தான் முன்னெல்லாம் ரொம்பத் திணறும், கத்திப்பாராவில் நான் எத்தனை முறை தப்பாக ஏறியிருக்கிறேன். 2024-இல் கூகுள் மேப்ஸில் மேம்பாலம் வருவதை முன்கூட்டிச் சொல்லும் வசதியும், சென்னை, கோவை உட்பட எட்டு நகரங்களில் குறுகிய தெருவைத் தவிர்க்கும் வசதியும் கொண்டுவந்தார்கள், உண்மையிலேயே உதவியாக இருக்கிறது. ஆனால் கிராமத்துக்கு அது இல்லையே.

ஒரு சின்ன விஷயம். காந்தம் வைத்த போன் ஸ்டாண்டு வைத்திருக்கிறீர்களா? வண்டி நிற்கும்போது அம்புக்குறி எதிர்ப்பக்கம் காட்டும். திசை பார்க்கப் போனுக்குள் இருக்கும் திசைகாட்டியைக் காந்தம் கெடுத்துவிடுகிறது. கொஞ்சம் நகர்ந்ததும் சரியாகிவிடும், அதனால் கிளம்பும் இடத்தில் அம்பைப் பார்த்து உடனே திரும்பாமல் தெருப் பெயரைப் பாருங்கள்.

தெருக்கோடு (பதில்)

எல்லோரும் ஆப்பையே சொல்கிறீர்கள். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலிக்குப் பக்கத்தில் ராம்கங்கா ஆற்றுப் பாலத்திலிருந்து காரோடு விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தின் ஒரு பகுதி அதற்கு முன்பே வெள்ளத்தில் போய்விட்டது. மேப்பில் அது மாறவில்லை என்பது உண்மை, பாலத்து வாயிலில் சரியான தடுப்பு வைக்காததும் உண்மைதானே? பாதை அறுந்த இடத்தில் இரண்டு கல்லும் ஒரு சிவப்புத் துணியும்கூட இல்லை என்றால் அது சாலையைப் பராமரிப்பவர்கள் செய்த தவறு.

நான் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் எட்டு வருடமாக எங்கள் பக்கத்துக் கிராமங்களை வரைகிறேன். 2004-இல் தொடங்கியது, யார் வேண்டுமானாலும் திருத்தலாம், ஒரு பாதை மண்ணா தாரா, கார் போகுமா என்பதையும் குறித்து வைக்கலாம். ஆர்கானிக் மேப்ஸ் என்ற ஆப் அதே தரவில் இணையமே இல்லாமல் வழி சொல்லும். காட்டில் டவர் போனாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், படம்தான் போனில் இருக்க வேண்டும், அதனால் எந்த ஆப் வைத்திருந்தாலும் நீலகிரிப் பகுதியை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள். அந்தக் கண்மாய்ப் பாதையையும் திருத்தச் சொல்லி எழுதிப் போடுங்கள். அடுத்த திருவிழாவுக்கு அந்த ஊருக்கு வருகிற இன்னொரு குடும்பம் இருட்டில் அங்கேதான் வந்து நிற்கும்.

கண்மாய்க்கரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரவு உட்கார்ந்து சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அளவை அண்ணா சொன்னது அப்படியே. அந்த இடக்குறி கோயில் மதிலுக்குப் பின்னால் கண்மாய்ப் பக்கம் இருக்கிறது. படத்தில் கலுங்குகூடத் தெரிகிறது, கிளம்பும் முன் ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் போதும். இன்று காலை பூசாரியிடம் பேசினேன், ஊர்ச்சாவடி முன்னால் நின்று வாட்ஸ்ஆப்பில் லொக்கேஷன் அனுப்பினார். அதை வைத்து இரண்டு ஆப்பிலும் திருத்தம் கொடுத்துவிட்டேன். அந்தக் கிடைக்காரப் பெரியவர் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன் என்று சொன்னதும், கிடை இன்னும் அங்கேதான் இருக்கிறது, விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.

கூடலூர் வழியாகத்தான் போகிறோம். ஓட்டுநர் அண்ணா, ஊட்டியில் மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினால் போதுமா?

முப்பத்தாறு_வளைவு

பதினொன்றுக்குக் கிளம்புங்கள் தங்கச்சி. நடுவட்டத்தில் மதியத்துக்கு மேல் பனி இறங்கினால் முன்னால் போகும் வண்டியே தெரியாது. அம்மாவுக்குப் பைக்காராவில் இறங்கிக் கொஞ்சம் காலாற நடக்கவும் நேரம் கிடைக்கும்.