நீரில் உயிருள்ளதுபோல் அசையும் ஃப்ளையைக் கட்டுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். ஓராண்டாகத் தூண்டில் ஃப்ளைகளை (தூண்டில் முள்ளில் இறகு, மயிர், நூல் கட்டிச் செய்யும் செயற்கை இரைகளை) நானே கட்டி வருகிறேன். வூலி பக்கர் என்ற இறகு வால் ஃப்ளையைக் கட்டும்போது, வைஸில் (முள்ளைப் பிடித்துக்கொள்ளும் இடுக்கியில்) பூட்டியிருக்கும்வரை அதன் வால் பஞ்சுபோல் விரிந்து நிற்கிறது. நீரில் இழுத்தாலோ வாலும் உடலும் ஒரே குச்சியாக விறைத்து வருகின்றன. மராபூ இறகைக் கூட்டி வைத்தும் பயனில்லை. குறை இறகிலா, நான் கட்டும் முறையிலா?

மறுமொழி 1:
கூட்டி வைத்ததுதான் குறை என்று கருதுகிறேன். இன்று மராபூ என்று விற்கப்படுவது பெரும்பாலும் வான்கோழியின் மென்தூவி. காய்ந்திருக்கும்போது பருத்துத் தோன்றும் அது, நனைந்ததும் ஒடுங்கிவிடும். இழைகள் மிகுந்தால் அவற்றுக்கிடையே நீர் புக வழியில்லாமல் எல்லாம் ஒரே கற்றையாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே கட்டுமுன் இறகை ஈர விரல்களால் நீவிப் பாருங்கள். அப்போது தெரியும் பருமனே மீனின் கண்ணுக்குத் தெரியும் பருமன். வால், முள்ளின் தண்டளவு நீண்டால் போதும். மிஞ்சிய நீளத்தைக் கத்தரியால் நறுக்காமல் நகத்தால் கிள்ளி எடுங்கள், ஏனெனில் மெலிந்து முடியும் நுனிகளே முதலில் அசைபவை. நேராக நறுக்கினால் அவை மொத்தமாகப் போய்விடும். வாலடியில் பசை இடுகிறீர்களா? அது இழைகளூடே ஊறி, வால் மடங்க வேண்டிய இடத்தையே விறைக்கச் செய்துவிடும்.

மறுமொழி 2:
மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆயினும் நான் முன்பக்கத்தையே முதலில் பார்ப்பேன். ஒல்லியான உடலைத் தழுவி நீர் சீராக ஓடிவிட்டால், எவ்வளவு மென்மையான வாலும் சும்மாதான் இருக்கும். 1930களில் டான் கேப்பன் உருவாக்கிய மட்லர் மின்னோ என்ற ஃப்ளையில், மான் முடியைச் சுழற்றிக் கட்டிக் கத்தரித்த பருத்த தலை இருக்கிறது. அத்தகைய தலை நீரைப் பிளந்து தள்ளும்போது அதன் பின்னால் சிறு சுழிகள் உண்டாகின்றன. பின்னால் வரும் இழைகளை ஆட்டுபவை அச்சுழிகளே. மான் முடி மிதக்கும் தன்மையுடையது என்பதால், ஆழத்தில் இழுக்க வேண்டிய ஃப்ளைக்குக் கழுத்தில் தடித்த டப்பிங் (நூலில் முறுக்கிச் சுற்றும் மென்மயிர்) வளையம் பொருத்தமானது.

எடையையும் கவனியுங்கள். ஈயக் கம்பியைத் தண்டு முழுவதும் சுற்றினால் ஃப்ளை கிடைமட்டமாக அமிழும். முன் மூன்றிலொரு பகுதியில் மட்டும் சுற்றினாலோ, தலையில் உலோக மணி கோத்தாலோ, இழுப்பை நிறுத்தியதும் மூக்குக் குத்திக் கீழே பாய்ந்து, மீண்டும் இழுக்கும்போது மேலெழும். தூண்டில் நரம்பையும் முள்ளின் கண்ணோடு இறுக்கி முடியாமல், நழுவாத சிறு வளைய முடிச்சாகப் போட்டால் ஃப்ளை தடையின்றித் திரும்பும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இறகைப் பாதியாகக் குறைத்து, தலையில் பித்தளை மணி கோத்து, நீர்த்தொட்டியில் இழுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வால் விரிந்து மூடுவதைக் கண்டு மிகவும் மகிழ்ந்தேன். ஒரு சந்தேகம்: மராபூவுக்குப் பதிலாக முயல்தோல் பட்டையை வாலாக வைத்தால், வீசும்போது அது முள்ளின் வளைவில் சுற்றிக்கொள்கிறதே?

மறுமொழி 2:
பட்டையைக் கட்டுமுன், தண்டு முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் தடித்த நைலான் நரம்பால் பின்னோக்கி நீளும் சிறு வளையம் ஒன்றைக் கட்டிவிட்டு, பட்டையை அதன்மேல் அமர்த்துங்கள். வளையம் பட்டையின் அடிப்பகுதியைத் தாங்கி, வளைவுக்குள் விழாமல் தடுக்கும். தோலையும் இயன்றவரை குறுகலாக வெட்டுங்கள். அகன்ற தோல் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும்.