சம்பளம் ஏற ஏற ஆசையும் ஏறுகிறது, என்ன செய்வது?

கேள்வி:
தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, சபைக்குத் தவறாமல் கொடுக்கிறோம். ஆனாலும் சம்பளம் கூடும்போதெல்லாம் தேவைகளும் நீள்கின்றன. நன்றாக ஓடும் போனை மாற்ற மனம் துடிக்கிறது. பிள்ளைகளும் இதைத்தான் பார்த்து வளர்கிறார்கள். இதை எப்படி எதிர்ப்பது?

பதில்:
சகோதரி, பைபிளில் லூக்கா 12-ல் இயேசு சொல்லும் கதையில் வரும் ஐசுவரியவான் யாரையும் ஏமாற்றவில்லை. நிலம் நன்றாக விளைந்தது, அவ்வளவுதான். ஆனால் அவன் பேச்சு முழுக்க என் களஞ்சியங்கள், என் பொருள்கள், என் ஆத்துமா. பக்கத்து வீட்டுக்காரன் அதில் வருவதே இல்லை! எனக்கு அதுதான் பயமாக இருக்கும்.

எங்கள் வீட்டில் சம்பளம் வந்த அன்றே கொடுக்க வேண்டியதைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுவோம். மிச்சத்தில் கொடுக்கலாம் என்றிருந்தால் மிச்சமே இருக்காது. யாருக்கு என்பதைப் பிள்ளைகள் சொல்வார்கள். போன மாதம் மகன், உடன் படிக்கும் பையனின் மூக்குக்கண்ணாடிக்கு என்றான். கொடுத்தது யாரென்று அந்தப் பையனுக்குத் தெரியாது.

இன்னொரு பதில்:
மெதடிஸ்ட் சபை இயக்கத்தைத் தொடங்கிய இங்கிலாந்துப் போதகர் ஜான் வெஸ்லி 30 பவுண்டு வருமானத்தில் 28-ல் வாழ்ந்தார். அது 60, 90 என ஏறியபோதும் அதே 28-தான், மீதியைக் கொடுத்துவிட்டார். சம்பள உயர்வு வரும் முன்பே செலவுக்கு எல்லை குறித்துவிடுங்கள்.

கேட்டவர்:
சரி, கடன் இருந்தால்?

பதில்:
முதலில் கடனை அடைத்துவிடுங்கள். 2 கொரிந்தியர் 8:12 உள்ளதின்படிதான் கேட்கிறது, இல்லாததை அல்ல. அதுவரை நேரத்தைக் கொடுங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்குப் பேச்சுத்துணையே பெரிய உதவி.