கனடாவில் இருந்து வீட்டுப் பியர்: பெட்டிக்குள் வெடிக்காமல் யாழ்ப்பாணம் வரைக்கும் கொண்டுவருவது எப்படி?

இணுவிலான்:
டொரன்டோவில் இருக்கும் அத்தான் வீட்டிலேயே பியர் செய்பவர். அங்கே சொந்தப் பாவனைக்குச் செய்யத் தடை இல்லை. போன வைகாசியில் தங்கச்சியின் கலியாணத்துக்கு 330 மில்லிக் கண்ணாடிப் போத்தல் 12 கொண்டுவந்தார். வீட்டில் பெட்டியைத் திறந்தால் இரண்டு வெடித்து, மூன்று கசிந்து, மாமிக்கு வாங்கிய சேலை முழுக்கப் புளித்த மணம். மாமி இன்னும் அத்தானோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. மேலே பறக்கும்போது காற்றழுத்தம் குறைவதால் வெடித்தது என்கிறார் அத்தான். ஆவணியில் திரும்பவும் வருகிறார், திரும்பவும் கொண்டுவருவாராம். என்ன செய்யலாம்?

ஈஸ்ட் அண்ணை:
தம்பி, முதலில் மூன்று விசயம் சொல்லும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியை எடுக்கும்போது அது ஈரமாக இருந்ததா? வெடித்தவை எந்த மாதிரிப் போத்தல்? அடைக்கும்போது எவ்வளவு சீனி போட்டார்?

இணுவிலான்:
காய்ந்துதான் இருந்தது, நான்தான் தூக்கினேன். காலை பத்து மணிக்கு வான் (van) ஒன்றில் யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிட்டோம், பெட்டிகள் எல்லாம் கூரைக் கரியரில். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்தினபோது மேலிருந்து ஏதோ சொட்டியது. தண்ணீர்ப் போத்தல் என்று நினைத்து விட்டுவிட்டோம். மற்றவற்றை அத்தானிடம் கேட்டுச் சொல்கிறேன்.

ஈஸ்ட் அண்ணை:
அப்போ விமானத்தில் பழி போட வேண்டாம். சாமான் அறைக்கும் பயணிகள் இருக்கும் இடத்துக்கும் ஒரே அழுத்தம்தான். 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் நிற்பது மாதிரி. அதனால் போத்தல் கூடுதலாகத் தாங்க வேண்டியது ஏறக்குறைய கால் வளிமண்டல அழுத்தம். நல்ல போத்தலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சூடுதான் எமன். பியரில் கரைந்திருக்கும் வாயு சூடேற ஏற வெளியே வரப் பார்க்கும். 20 பாகையில் போத்தலுக்குள் இருக்கும் அழுத்தம் 40 பாகையில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வைகாசி வெயிலில், தகரக் கூரைக்கு மேலே, கறுப்புப் பெட்டிக்குள் எத்தனை பாகை என்று நீரே யோசியும். சீனி மிச்சம் இருந்தால் ஈஸ்டும் அந்தச் சூட்டில் எழும்பி அதைத் தின்று இன்னும் வாயு விடும்.

கள்ளுக்கொட்டில்:
இதுக்குக் கனடா வரைக்கும் போக வேண்டுமா? பனங்கள்ளை இறுக்கி மூடி வெயிலில் வைத்துப் பாருங்கள். நான் ஒருமுறை சோடாப் போத்தலில் அடைத்துக் கொழும்பு பஸ்ஸில் கொண்டுபோனேன். அநுராதபுரத்தில் மூடி பறந்தது. பக்கத்தில் இருந்த ஐயாவின் வேட்டியைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். அதுசரி, அத்தானை இங்கே வந்து செய்யச் சொன்னால் என்ன?

ஈஸ்ட் அண்ணை:
இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் செய்வது மதுவரிச் சட்டப்படி குற்றம். அந்தக் கதையே வேண்டாம்.

இணுவிலான்:
அத்தானிடம் கேட்டேன். வெடித்த இரண்டும் கடையில் வாங்கிய பியரின் மெல்லிய திருகுமூடிப் போத்தல்களாம், கழுவித் திரும்பப் பாவித்தவை. கசிந்த மூன்றும் கம்பி மூடி போட்டவை, உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் பழசு. சீனி 20 லீற்றருக்கு 200 கிராம்.

ஈஸ்ட் அண்ணை:
எல்லாம் வெளிச்சுப் போச்சு. லீற்றருக்கு 10 கிராம் அதிகம், 6 கிராம் காணும். திருகுமூடிப் போத்தலைத் திரும்பப் பாவிக்கவே கூடாது. ரப்பர் வளையத்தை மாற்றச் சொல்லும். என்னைக் கேட்டால், பயணத்துக்குக் கண்ணாடியே வேண்டாம். சோடா வரும் பிளாஸ்ரிக் போத்தல் அழுத்தம் தாங்கவென்றே செய்யப்பட்டது, பாரமும் குறைவு. அமத்திப் பார்த்தால் உள்ளே எவ்வளவு இறுக்கம் என்பதும் தெரியும்.

பருத்தித்துறை அக்கா:
நான் லண்டனுக்கு நெல்லி ரசமும் ஊறுகாயும் கட்டிக் கட்டியே தேர்ந்தவள், அதனால் சொல்கிறேன். ஒவ்வொரு போத்தலையும் சிப் வைத்த தடித்த பிளாஸ்ரிக் பையில் தனியாகப் போட்டு, அதற்கு மேல் காலுறை மாட்டுங்கள். போத்தலும் போத்தலும் முட்டக் கூடாது. பெட்டியின் நடுவில் வைத்துச் சுற்றிவர ஜீன்ஸ், துவாய். அடியில் குழந்தைப் பம்பர்ஸ் இரண்டை விரித்துவிட்டால் ஒரு போத்தல் கசிந்தாலும் அது குடித்துவிடும். சேலையை அந்தப் பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள். 12 கண்ணாடிப் போத்தல் 6, 7 கிலோ வரும், பெட்டிக்கு விடும் 23 கிலோவில் அதையும் கழித்துப் பாருங்கள்.

ஈஸ்ட் அண்ணை:
கைப்பையில் வைக்க முடியாது, அங்கே திரவம் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். மதுசாரம் 24 வீதத்துக்குக் குறைந்த பானத்துக்கு விமானப் பாதுகாப்பு விதியில் அளவுக் கட்டுப்பாடு இல்லை, வீட்டுப் பியர் ஏறக்குறைய 5 வீதம்தான். ஆனால் சுங்கம் வேறு, விமானம் வேறு. பெயர்ப்பட்டி இல்லாத போத்தல் என்பதால் விமான நிறுவனத்திடமும் இலங்கைச் சுங்கத்திடமும் முன்கூட்டியே எழுதிக் கேட்கச் சொல்லும். என்ன பானம், எத்தனை வீதம், எப்போது அடைத்தது என்று ஒட்டிவிட்டால் திறந்து பார்ப்பவருக்கும் இலகு. அப்புறம், வானை இரவில் பிடியும். பெட்டி கூரையில் ஏறக் கூடாது, உள்ளே ஏசியில்.

வந்த அன்றே உடைக்கவும் வேண்டாம். அடியில் இருக்கும் ஈஸ்ட் மண்டி முழுக்கக் கலங்கியிருக்கும். மூன்று நான்கு நாள் குளிர்ப்பெட்டியில் நிமிர்த்தி வைத்தால் அடங்கும்.

இணுவிலான்:
நன்றி அண்ணை. இரவு வான் சரி. ஆனால் குளிர்ப்பெட்டி? அத்தான் வருவது நல்லூர்க் கந்தன் திருவிழாக் கொடி ஏறி ஐந்தாம் நாள். 25 நாளும் வீட்டில் சுத்த சைவம். பியரைக் குளிர்ப்பெட்டியில் கண்டால் அம்மா எங்கள் இரண்டு பேரையும் வெளியே நிமிர்த்தி வைப்பார்.

கள்ளுக்கொட்டில்:
நான் கொக்குவிலில்தான். என் குளிர்ப்பெட்டியில் மேல்தட்டு சும்மா கிடக்கிறது. திருவிழாக் கடைசியில் வரும் பூங்காவனம் முடிந்து வந்து எடுங்கள். வாடகை இரண்டு போத்தல்.

இணுவிலான்:
ஒன்று.